அம்மா குடித்த தண்ணீர்

எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஊர்; எங்கே தோண்டினாலும் கரிக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம்" என்று கிளம்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அண்ணனுக்கு முப்பது தாண்டிவிட்டது. உப்பளத்தில் வேலை, குடி கிடையாது, வாயும் கிடையாது. அவனிடம் என்ன குறை கண்டார்கள்? தண்ணீர்தான்.

அதனால், திண்டிவனம் பக்கமிருந்து வந்தவர்களுக்குக் கேன் தண்ணீரைப் பானையில் ஊற்றி வைத்து மொண்டு கொடுத்தோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பெண்ணின் அப்பா குடித்துப் பார்த்து, "உப்பளத்துப் பக்கம்னு பயந்தோம், தண்ணி நல்லாத்தானே இருக்குது" என்றார். அன்றைக்கே சாப்பிட்டுக் கை நனைத்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஊருக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் வைக்கக் காசு திரட்டுகிறார்களாம், அதற்கு ஒரு வீடியோ வேண்டுமாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் வருவதற்குள் நல்ல தண்ணீர் வந்துவிட்டால் நாங்கள் சொன்ன பொய் பொய்யாகவே இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வீடியோ எடுத்த பையனுக்கு எங்கள் கிணறு பிடிக்கவில்லை. தண்ணீர் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறதாம். உப்புப் பாத்திக்குப் போகும் வாய்க்கால் ஓரமாக அம்மாவை உட்கார வைத்தான்.

"இதக் குடிக்க மாட்டோம்பா. இது உப்பு வெளையற தண்ணி."

"பாக்கறவங்களுக்கு அது தெரியாதும்மா. சும்மா அள்ளி வாய்கிட்ட கொண்டு போங்க."

கொண்டு போனவள் வெட்கத்தில் சிரித்துவிட்டாள். கூட வந்த பெண், "சிரிக்காதீங்கம்மா, நெஜமா குடிச்சாத்தான் ஃபீல் வரும்" என்றாள். அம்மா குடித்தாள். வரப்பில் குனிந்து குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அந்தப் பாவிப் பையன் அதையும் விடாமல் எடுத்துவிட்டு, "சூப்பர்மா" என்றான்.

ஊர்ப் பெயரோடு வீடியோ எல்லார் போனுக்கும் போனது. பெண் வீட்டுக்கும் போனது. பெண்ணின் அப்பா கூப்பிட்டபோது நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"நீங்க வாய்க்கா தண்ணியக் குடிச்சிட்டு எங்களுக்குக் கடைத் தண்ணி குடுத்து ஏமாத்திட்டீங்களா?"

"ஐயோ, அது நடிப்புங்க. நாங்க அதெல்லாம் குடிக்க மாட்டோம்ங்க" என்று பதறினாள் அம்மா.

"அன்னைக்கு எங்ககிட்ட நடிச்சீங்க, இன்னைக்கு ஊருக்கே நடிக்கறீங்க. எதத்தான் நம்பறது?" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. "உனக்கு நடிக்கறதுக்கு என் கல்யாணம்தான் கெடச்சுதா?" என்று கேட்டான் அண்ணன். அதன் பிறகு அவன் அம்மாவிடம் பேசவில்லை. அவள் சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான்.

மெஷின் வந்தது. திறப்பு விழாவில் அதே பையன் அம்மாவிடம் டம்ளரை நீட்டி, "இப்ப நல்லா சிரிங்கம்மா" என்றான். அவள் வாங்கவில்லை.

"அந்த வீடியோவ எடுத்துடு தம்பி. எம்புள்ள வாழ்க்கையே போயிடுச்சு."

"அதப் பாத்துத்தாம்மா காசே வந்துது. அடுத்த ஊருக்கும் அதத்தான் போடப்போறோம்."

அம்மா எல்லார் முன்னாலும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கீழே 'நன்றி' என்று போட்டு, மெஷின் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்க நான்தான் போகிறேன். அண்ணன் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.