கரகத்தைத் தாங்கிய வீடு

தேயிலை பேக்டரியில் வேலை பார்க்கும் மோனிஷாதான் வருஷாவருஷம் மாரியம்மன் கரகத்தை நேரலையில் காட்டுவாள். அவள் போனிலிருந்து படம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வைஃபை உள்ள ஐந்து வீடுகளுக்குத்தான் போகும். அந்த வீடுகளின் பிரவுசர்கள் அதைத் துண்டு துண்டாக வாங்கி துபாய், திருப்பூர் என்று வேலைக்குப் போன ஊர்க்காரர்களுக்குக் கைமாற்றிவிடும். ஒன்று விட்டால் இன்னொன்று தாங்கும். ஐந்தும் விட்டால் எல்லோருக்கும் இருட்டு.

கரகம் லயத்துக்குள் நுழைந்தது. சாமியே நேரில் வரும்போது போன் எதற்கென்று ஒவ்வொரு வீடாக அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடியது. மோனிஷாவின் திரையில் இணைப்பில் உள்ள வீடுகளின் எண்ணிக்கை இறங்கியது. நான்கு. இரண்டு. ஒன்று.

"அறிவிருக்கா? போனை அணைக்காதீக!" மோனிஷா கத்தினாள். மேளத்தில் யாருக்குக் கேட்கும்?

அந்த ஒன்று மட்டும் கடைசிவரை அணையவில்லை. பெயரைப் பார்த்தாள்: சுருளியம்மாள். புருஷன் செத்து ஒரு மாதம். வருஷம் திரும்பும்வரை சாமிக்கு எதிரே வரக்கூடாதவள், கதவைச் சாத்திக்கொண்டு போனில் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.