மஞ்சள் கோடு போட்ட ரோடு

அயர்லாந்துக்குப் போக விசா தேவையில்லை என்று லண்டனில் எனக்குச் சொல்லாத தமிழர் இல்லை. ரெய்னர்ஸ் லேனில் கடை வைத்திருக்கும் அண்ணை சொன்னார். வால்தம்ஸ்டோவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் சொன்னார். ஆர்ச்வே முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், தானும் மனைவியும் டப்ளினுக்கு ஒரு கலியாணத்துக்குப் போய்வந்ததை விவரமாகச் சொல்லி, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது. எடுத்தவர்களுக்கு, அது இல்லாத காலத்தில் எதற்கெல்லாம் பயந்தோம் என்பது சீக்கிரம் மறந்துபோகும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறப்பதற்காகத்தானே எடுப்பது.

என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம். நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு மலேசியாவில் கோப்பை கழுவினேன், ஆபிரிக்காவில் ஒரு விமான நிலையத்தின் பின்னறையில் கிடந்தேன், பிரான்சில் பாலத்துக்குக் கீழே படுத்தேன், கடைசியில் ஒரு லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளோடு இங்கே வந்தேன். அனுமதியில்லாமல் எல்லை கடப்பது எனக்குப் புதிய விஷயமில்லை. ஆனால் அந்த நாட்களில் பிடிபட்டால் இழப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருந்தது.

அண்ணை எனக்குச் சொந்தமில்லை. லண்டனுக்கு வந்த புதிதில் தன் கடையின் சாமான் அறையில் என்னைப் படுக்கவிட்டவர். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அவள் ஒரு சைக்கிள் கிளப்பில் சேர்ந்து, பந்தயச் சைக்கிள் ஓடத் தொடங்கியிருந்தாள். அயர்லாந்தில் பெண்களுக்கான ஒரு பந்தயம். ஒரே நாளில் முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர்வரை ஓடி, எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் முடிக்காவிட்டால் அதோடு சரி, மறுநாள் ஓட முடியாது. ஒவ்வொரு கிளப்பின் வானும் மாற்றுச் சில்லுகளையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போகலாம். அவளுடைய கிளப்பில் வான் இல்லை. அண்ணையின் கடை வான் இருந்தது. ஆனால் அண்ணைக்குக் கண் ஒப்பரேஷன் செய்து, கொஞ்ச நாளைக்கு வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"நீ ஓட்டு. பெல்பாஸ்டில துவங்குது. அது இந்த நாடுதானே," என்றார்.

பெல்பாஸ்ட் இந்த நாடு, அயர்லாந்துத் தீவில் பிரிட்டன் வைத்திருக்கும் வடக்கு மூலை என்பது எனக்கும் தெரியும். தொடங்கும் இடத்தைத்தான் கேட்டேன். போகும் வழியைக் கேட்கவில்லை. வால்தம்ஸ்டோவில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலிருந்து லீவு சொல்லிவிட்டு, அண்ணையையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வானோடு கப்பல் ஏறினேன்.

முதல் நாள் முழுக்க மழை. பெண்கள் ஒரு கூட்டமாக முன்னால் போக, அவர்களுக்குப் பின்னால் வான்கள் வரிசையாக ஊர்ந்தன. எல்லாத் தலையிலும் ஹெல்மெட், எல்லா முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. தன் மகள் எவள் என்று அண்ணைக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. யாரோ ஒருத்திக்குக் கை தட்டிவிட்டு, அது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என்று தெரிந்ததும், "பரவாயில்லை, அவளும் ஆரோ பெத்த பிள்ளைதானே," என்று சொல்லிக் கடையிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடையில் அவர் சிரிப்பதில்லை.

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஒரு பெரிய ஏற்றம் ஏறி இறங்கினோம். புல்வெளி, ஆடுகள், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையம். பிறகும் புல்வெளி, ஆடுகள். எதுவும் மாறவில்லை. ரோட்டோரக் கோடு மட்டும் மாறியிருந்தது. அதுவரை வெள்ளையாக இருந்தது, விட்டுவிட்டுப் போட்ட மஞ்சள் கோடாகியிருந்தது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. முன்னால் போகும் வானின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பிரிட்டனில் மைல் கணக்குத்தான், அடுத்து வந்த வேக அளவுப் பலகையில் எண்ணுக்குக் கீழே கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

"அண்ணை, இது எந்த நாடு?"

"மற்றப் பக்கம். அயர்லாந்து. நேற்றுக் கூட்டத்தில சொன்னவங்கள், நாளைக்கு போடர் கடக்குது எண்டு."

 எனக்கு விசா இல்லை என்றேன். அவர் ரோல்ஸ் பையை மடித்து வைத்துக்கொண்டே, இதற்கு ஆருக்கும் விசா தேவையில்லை என்றார். உங்களுக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது அந்த நிமிடம்தான் விளங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் விளங்கியதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஒருத்தரும் பாக்கமாட்டாங்கள். விசர்க்கதை கதையாதை. ரோட்டைப் பார்."

திரும்பவும் முடியாது. பந்தயம் போகும்போது ரோட்டை மூடிக்கொண்டே போவார்கள். எதிரே எதுவும் வரக்கூடாது. வான் வரிசைக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் சட்டை போட்ட அந்த நாட்டுப் பொலிஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லையைத் தாண்டிய இடத்தில் அவர்கள்தான் எங்களைப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். நான் அதையும் கவனிக்கவில்லை. எத்தனையோ நாடுகளில் பொலிஸைக் கண்டு ஒளித்திருக்கிறேன். பொலிஸ் எனக்குப் பாதுகாப்புக் கொடுத்துக்கொண்டு வந்தது அன்றுதான்.

ஒரு வளைவில் எங்கள் பிள்ளையின் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. அவள் கையைத் தூக்கியபடி ஓரமாக நின்றாள். நான் வானை நிறுத்த, அண்ணை மாற்றுச் சில்லை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளை என் ஜன்னலோடு ஒட்டி நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். வானை இன்னும் கொஞ்சம் உள்ளே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். லண்டன் என்றேன். உங்களுடைய மகளா என்றார். இல்லை, அவருடைய மகள் என்று அண்ணையைக் காட்டினேன். நல்லா ஓடுகிறாள் என்றார். நான் தலையாட்டினேன். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தேன்.  அவர் என் முகத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தார், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. பிறகு அவள் ஏறி மிதிக்கத் தொடங்க, அவரும் போய்விட்டார்.

அன்றைய ஓட்டம் முடிந்த ஊரில் ஒரு தேவாலயமும் ஒரு பாடசாலை மண்டபமும் இருந்தன. மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. மிச்ச நாட்கள் எல்லாம் இன்னும் தெற்கே என்று அங்கே ஒட்டியிருந்த வரைபடத்தில் பார்த்தேன். நான் வானுக்குப் பின்னால் நின்று, திரும்பிப் போகப்போகிறேன் என்று அண்ணையிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வானை ஆர் ஓட்டுறது?"

தெரியாது என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பிடிச்சாத் திருப்பி அனுப்புவாங்கள், அவ்வளவுதானே. நீ காணாததோ?"

"கண்டதாலதான் அண்ணை சொல்லுறன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. தான் ஒருநாளும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, கேட்டது இது ஒன்றுதான் என்றார். அது உண்மை. 

மகள் துவாயால் தலையைத் துடைத்தபடி வந்தாள். கதையைக் கேட்டதும் போனை எடுத்துத் தேடினாள். தேடத் தேட முகம் மாறியது. எல்லைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி, சிலரை மட்டும் எழுப்பி விசாரிப்பார்கள் என்று போட்டிருந்ததாம்.

"அப்பா, மாமாக்கு இது சீரியஸ். நீங்க விளங்காமக் கதைக்கிறீங்க."

மண்டபத்துக்குள் போய்வந்து, இன்னொரு பெண்ணின் தாய் வானை ஓட்டச் சம்மதித்திருக்கிறார் என்றாள். பிறகு வானின் பின்கதவைத் திறந்து தன் மாற்றுச் சைக்கிளை இறக்கினாள்.

"மாமா, நீங்க இதில போங்கோ. இந்தக் கிழமை இந்த ரோட்டில சைக்கிள் ஓடுற ஆக்களை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

அண்ணை சைக்கிளின் கைபிடியைப் பிடித்தார். "நாளைக்கு நீ விழுந்தா? உனக்கு வேற சைக்கிள் எங்க இருக்கு?"

"விழமாட்டன்."

"அதை ஆர் சொல்லுறது?"

அவள் ஆணி திருகும் சாவியை எடுத்து இருக்கையின் உயரத்தைக் குறைத்தாள், என்னைவிட உயரமானவள். கிளப் ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணை கையை எடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

லண்டனில் நாள் முழுக்க சைக்கிள் ஓடுகிறவன்தான், ஆனால் அது வேறு சாமான். இதில் மிதிகட்டை ஒரு பிஸ்கட் அளவுதான். அதில் பூட்டுவதற்கென்று ஒரு சப்பாத்து உண்டு, என் சப்பாத்து வழுக்கிக்கொண்டே இருந்தது. சில்லு நூல்போல ஓடியது. வந்த வழியேதான் திரும்பினேன், வேறு வழி எனக்குத் தெரியாது. பந்தயத்துக்காகக் கம்பங்களில் கட்டியிருந்த அம்புக்குறிகளை இன்னும் கழற்றவில்லை. எல்லாம் எனக்குப் பின்னால், நான் விட்டுவந்த பக்கத்தையே காட்டின. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்து, நீ பிழையான பக்கம் போகிறாய், எல்லோரும் அங்கே போய்விட்டார்கள் என்று கையைக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்துக் கையைக் காட்டினேன். பின்னால் கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டேன். காலையில் வானில் சுலபமாக இறங்கிய ஒரு சரிவை ஏறமுடியாமல் இறங்கி உருட்டினேன். பந்தயத்தில் இதையெல்லாம் அந்தப் பிள்ளை ஏன் விரும்பிச் செய்கிறாள் என்று நினைத்தேன். முழங்கால் வலியைத் தவிர வேறெதையும் நினைக்காமல் இருக்கலாம் என்பதாலோ என்னவோ.

மூடிக்கிடந்த பெட்ரோல் நிலையம் வந்தது. அதைத் தாண்டியதும் கோடு வெள்ளையானது. நான் நிற்கவில்லை. அடுத்த ஊர்வரை மிதித்து, அங்கே பஸ் தரிப்பில் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்து, விடிந்ததும் ரயிலில் பெல்பாஸ்ட் போனேன்.

துறைமுகத்தில் ஸ்கொட்லாந்துக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தேன். ஏறும் வழியில் ஓர் அதிகாரி ஆட்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் போன குடும்பத்தை விட்டார். என்னை நிறுத்தினார். நீலப் புத்தகத்தைக் கொடுத்தேன், புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். எங்கே போயிருந்தாய் என்றார். சைக்கிள் பந்தயம் பார்க்க என்று சொல்லி, அது தொடங்கிய ஊரின் பெயரைச் சொன்னேன். பிறகு சைக்கிளைப் பார்த்தார். என் அழுக்குச் சப்பாத்தையும் பார்த்தார். இது யாருடையது என்றார்.

நான் எதிர்பாராத கேள்வி. தெரிந்தவரின் மகளுடையது என்றேன். அவருடைய நம்பரைக் கேட்டார். என் போனிலேயே எடுத்து, சத்தத்தைக் கூட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

அண்ணை எடுத்தார். பின்னால் காற்றும் வாகனச் சத்தமும் கேட்டன. அதிகாரி தான் யாரென்று சொல்லி, இந்த ஆளைத் தெரியுமா, சைக்கிள் யாருடையது என்று கேட்டார். தெரியும் என்றார் அண்ணை தன் கடை ஆங்கிலத்தில். என் மகளின் சைக்கிள், நாங்கள்தான் கொடுத்தோம், அவன் என் தம்பி என்றார். நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார் அதிகாரி. நான் கீழே பார்த்தேன். ஊரின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். 

ரோட்டில் நிற்கிறேன், ரேஸ் பார்க்கிறேன் என்றார் அண்ணை.

அதிகாரி போனை என்னிடம் தந்து, போ என்று கையைக் காட்டிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

நான் போனைக் காதில் வைத்தேன். "அண்ணை."

"விட்டாச்சோ?"

"ஓம்."

"பிள்ளை விழுந்திட்டாள். அவளுக்கு ஒண்டுமில்லை, தோலுரிஞ்சதுதான். சைக்கிள் ரெண்டாப் போச்சு. மற்றவையள் எல்லாம் போயிட்டினம், நாங்கள் ரோட்டில நிக்கிறம்."

பின்னால் அவள் ஏதோ சொல்வது கேட்டது, என்னவென்று விளங்கவில்லை. நான் ஏதாவது சொல்லத் தொடங்குமுன் அண்ணை, "நீ கப்பலில ஏறு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வரிசை நகர்ந்தது. ஒரு கீறலும் இல்லாத அவளுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினேன்.