ராகு காலத்தில் கிடந்த மந்தாரை

எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு மந்தாரை நின்றது. குளத்தூர்ப் பக்கத்துச் செம்பாறை மண்ணில் கடப்பாரை போட்டுக் குழி தோண்டி நானே வைத்தது. காயா பழமா, எதற்கு இந்த மரம் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பார்ப்பதற்கு என்பேன். இந்த வீட்டில் என் இஷ்டத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான். கார்த்திகையில் பூக்க ஆரம்பித்தால் தை வரைக்கும் ரோஸ் நிறமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். காலையில் காபி டம்ளரோடு அதன் அடியில்தான் நிற்பேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் போன பங்குனியில் லீவுக்கு வந்தான். பழைய வீட்டை ஒட்டி மாடிவீடு கட்டப்போகிறானாம். வாஸ்து பார்க்க ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஈசானி மூலையில் மரம் நிற்கக்கூடாது, குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்றார். என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மரம் நின்றதால்தான் போனார் என்று சொல்லிவிடுவாரோ என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

"வெட்ட வேணாம்மா, தெக்குப் பக்கம் மாத்தி வச்சுருவோம்" என்றான் மகன்.

"அப்ப ஐப்பசி வரைக்கும் பொறுடா. மழை பேஞ்சா வேர் புடிக்கும். சித்திரை வெயில்ல மனுசனே நிக்க முடியாது."

"சித்திரையில வாஸ்து நாள் இருக்கு. அன்னைக்குப் பூஜை போட்டாகணும். எனக்கு லீவு அம்புட்டுத்தான்."

ஐப்பசியிலும் ஒரு வாஸ்து நாள் இருந்தது. காலண்டரைப் புரட்டிக் காட்டினேன். அப்போது லீவு கிடைக்காது என்றான். சாமி பார்த்த நாளா, உன் கம்பெனி பார்த்த நாளா என்று கேட்க வந்து விழுங்கிக்கொண்டேன்.

மரத்தை எடுக்கும் முன் சுற்றிலும் பள்ளம் வெட்டி, வேரை அறுத்து, ஒரு மாசமாவது தண்ணீர் விட்டு ஆறவிட வேண்டும். எனக்குக் கிடைத்தது நாலு நாள். கிளைகளைக் கழித்து, அடிமண்ணை நனைத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜேசிபி பத்து மணிக்கு வந்தது. மகன் கம்பி விலை விசாரிக்கப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டான். டிரைவர் மரத்தைத் தூக்கியபோது மண் பாதி பொலபொலவென்று கொட்டி, வேர் வெளியே தெரிந்தது. தெற்கே குழி தயார், தண்ணீர் தயார். மணியைப் பார்த்தேன். பத்தரை.

"எறக்கிரவாம்மா?" என்றார் டிரைவர்.

"பொறுங்க தம்பி. ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. பன்னெண்டுக்கு மேல வைப்போம்."

"வேரு காயுதுங்களே."

"ராகு காலத்துல வச்சா தழைக்காதுங்க."

நானேதான் சொன்னேன். வாஸ்துக்காரரை அத்தனை நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்த நான். அது பிழைக்க வேண்டும் என்ற தவிப்பில் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் மரம் வெயிலில் படுத்துக் கிடந்தது. வேர்மேல் போட்ட ஈரச்சாக்கு கொஞ்ச நேரத்தில் மொடமொடத்துப் போனது. திரும்பத் திரும்ப நனைத்தேன். டிரைவர் வண்டி நிழலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆனதும் நட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டினேன். ஒரு மணிக்கு வந்த மகன், "ஜம்முனு நிக்குதேம்மா" என்றான்.

வைகாசி முழுக்க நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். முதலில் பச்சை தெரிந்தது. ஆனியில் அடி வரைக்கும் பழுப்பு.

மகன் அதற்குள் சிங்கப்பூருக்குத் திரும்பியிருந்தான். மரம் பட்டுப்போனதைப் போனில் சொன்னேன். "நீ பொறுக்கச் சொன்ன. நான் கேக்கல. நாந்தாம்மா கொன்னுட்டேன்" என்றான். நான் "ம்" என்றேன்.

அன்றிலிருந்து அவன் எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. ஜன்னல் எந்தப் பக்கம், சுவருக்கு என்ன கலர், எல்லாம் "நீ சொல்லும்மா"தான். அறுபத்திரண்டு வயசில் இப்போதுதான் என் பேச்சு இந்த வீட்டில் எடுபடுகிறது. அதை இழக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.