எழுபத்திரண்டில் ஒன்று

கலியாணம் முடிந்த கையோடு நான் தெற்கே என் சுருட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நயினாதீவு இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்து நின்றபோது, அடுத்த முறை என்ன நிறத்தில் சீலை கொண்டுவரட்டும் என்று மனைவியிடம் கேட்டேன். அதுவரை "சோறு போடட்டோ" என்பதற்கு மேல் என்னோடு அதிகம் பேசியிராதவள், கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, சீலை வேண்டாம். பிளாஸ்ரிக்கிலை துண்டு துண்டாய் வரும், நாங்கள்தான் ஒட்டிச் செய்யிறது. யுத்த டாங்கி ஒண்டு கிடைச்சால் வாங்கியாருங்கோ."

நான் கடலுக்குள் விழாதது அன்றைய அதிர்ஷ்டம்.

சின்ன வயதில் அவளும் தமையனும், சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் பெட்டிகளைப் பிரித்து விமானமும் கப்பலும் ஒட்டியவர்களாம். டாங்கி வந்தபோது மட்டும், "சக்கரத்தைச் சுத்திச் சங்கிலி பூட்ட உன்னாலை ஏலாது" என்று தமையன் தானே ஒட்டி முடித்துவிட்டானாம். இப்போது அவன் லண்டனில். அவள் தீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். இடையில் இறக்குமதித் தடையால் பல வருடம் வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வரவில்லை. அப்போதுதான் மறுபடி வரத் தொடங்கியிருந்தது.

"பெட்டிப் படத்தைப் பாத்து ஏமாறாதேங்கோ. துண்டுகளின்ரை விளிம்பு பிசிறில்லாமல் இருக்கோணும். சங்கிலி ரப்பர் மாதிரி வளையோணும். அளவு பெரிசாய்ப் பாத்து எடுங்கோ. விளங்கிச்சோ?"

வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்டாள். "ஓம், ஓம்" என்றேன், கடைசி வரிசை மாணவன் சொல்கிற மாதிரியே.

அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. அதில் பிழை விட்டால், சொல்வது காதில் ஏறாத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டோம் என்று நினைத்துவிடுவாளே என்று மாதக்கணக்காகக் கல்லாப்பெட்டிக்கு முன்னால் இருந்து பயந்தேன்.

லீவுக்கு ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெருவில் இறங்கித் தேடினேன். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் டாங்கிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. கடைக்காரர் எங்கள் பக்கத்துக் காரைநகர்க்காரர். பெட்டிகளைத் திறக்க விடமாட்டேன் என்றார். சரி, எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். பெரிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். கடகடவென்றது. எங்கள் தொழிலில் உள்ளே ஆடுகிற புகையிலைச் சிப்பம் என்றால் சரக்குக் குறைவு என்று அர்த்தம். சின்னப் பெட்டியைக் குலுக்கினேன். சத்தமே இல்லை. இறுக்கி அடைத்த நல்ல சரக்கு! மூலையை மூக்கில் வைத்து மோந்தும் பார்த்தேன்.

"அண்ணை, அது புகையிலை இல்லை," என்றார் கடைக்காரர்.

"எனக்குத் தெரியும். இதிலை என்ன அளவு போட்டிருக்கு?"

"பெரிய பெட்டி முப்பத்தைஞ்சிலை ஒண்டு. சின்னது எழுபத்திரண்டிலை ஒண்டு."

அளவு பெரிதாகப் பார்த்து எடுக்கச் சொன்னாளே! முப்பத்தைந்து எங்கே, எழுபத்திரண்டு எங்கே? கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் தலையில் பெரியதைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, சின்னப் பெட்டியோடு வெற்றிவீரனாக வெளியேறினேன்.

வீட்டில் அவள் பெட்டியைத் திறந்தாள். துண்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எட்டிப் பார்த்த மாமிதான் முதலில் வாய் திறந்தா.

"ஊரிலை மருமக்கள் சீலை கொண்டருகினம். எங்கடையவர் எலிப்பொறி கொண்டந்திருக்கிறார்."

"எலி பிடிக்கவும் அளவு காணாதம்மா," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பி, "உண்மையான டாங்கியை எழுபத்திரண்டு பங்காக்கினால் வாற நீளம்தான் இது. எண் கூடக் கூட உருவம் சின்னன்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. இரண்டு நெருப்புப்பெட்டியை அடுத்தடுத்து வைத்த நீளம்கூட வராது. சில சக்கரச் சில்லுகள் மிளகளவு.

"மாத்திக்கொண்டு வரட்டோ?"

"கொழும்புக்கோ? பேசாமல் இதிலை இரும். இதைப் பிடியும்."

அதுவரை எனக்கு 'இருங்கோ, பிடியுங்கோ'தான். என் மரியாதை ஒரு படி இறங்கிய அந்த நிமிடம்தான் எனக்குக் கலியாணம் நடந்தது என்று சொல்லவேண்டும்.

அவள் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு, பின்னேரங்களில் குசினி மேசையில் இருந்தோம். சில்லை நான் சின்னச் சவணத்தால் கவ்விப் பிடிக்க, அவள் ஊசிமுனையில் பசை தொட்டு வைப்பாள். சில்லு ஒன்று என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. "டாங்கிக்கு ஒட்டச் சொன்னால் தனக்கு ஒட்டுறார்!" என்று சிரித்தாள். அவள் சத்தமாய்ச் சிரித்து அன்றுதான் கேட்டேன். இன்னொரு சில்லு கீழே விழுந்து, இருவரும் மேசைக்கடியில் புகுந்து தலையோடு தலை மோதிக்கொண்டோம். மாமி வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டா.

கடைசியாகச் சங்கிலி. இரண்டு நுனியையும் நான் மூச்சை அடக்கிச் சேர்த்துப் பிடித்தேன். அவள் கத்தி நுனியை விளக்கில் சூடாக்கி மெல்ல அழுத்தினாள். பிடித்துக்கொண்டது.

"தமையனுக்கு எழுதும், ஏலும் எண்டு," என்றேன்.

"ரெண்டு பேர் செய்தது எண்டும் எழுதோணும்," என்றாள்.

லீவு முடிந்து மறுபடி இறங்குதுறை. "இந்த முறை மறக்கமாட்டன். பெரிசு, முப்பத்தைஞ்சிலை ஒண்டுதான்," என்றேன்.

"வேண்டாம். எழுபத்திரண்டே வாங்கும்."

"ஏன்?"

அவள் கடலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பெரிசெண்டால் ஒராளே ஒட்டிப்போடலாம்."

லோஞ்ச் புங்குடுதீவை நெருங்கும்போதும் என் பெருவிரலில் அந்தப் பசை காய்ந்துபோய் இருந்தது. நான் உரிக்கவில்லை.