படகுக்கு எண்ணெய் வாங்கியவர்

ஆரணியில் என் ஆயில் கடைக்கு வந்து மோட்டார் படகுக்கு எண்ணெய் கேட்டவர் அவர் ஒருவர்தான். பட்டு நெசவாளி. ஒட்டி உலர்ந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. எதையும் பட்டு நூலைப் பார்ப்பதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். ஏலத்தில் எடுத்த படகு அவர் வீட்டு வாசலில் கிடந்தது. ஊர் ஆறோ வெறும் மணல்.

ஸ்கூட்டருக்கு ஊற்றும் ஆயிலைக் காட்டினேன். விரலில் உருட்டினார்.

“ஸ்கூட்டர் இன்ஜின் காத்துல ஆறும். போட் இன்ஜின் தண்ணியில ஆறும். ரெண்டுக்கும் ஒரே ஆயில் போடலாமாங்க?”

“ஆத்துல தண்ணியே இல்லையேங்க?” என்றேன்.

“வந்தப்புறம் ஆயிலைத் தேடிகினு நிக்க முடியுமா?”

அவருக்காகவே மெட்ராஸிலிருந்து படகு ஆயில் வரவழைத்தேன். உருட்டிப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்தார்.

மூன்றாம் வருடம் ஆற்றில் வெள்ளம் வந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். மாட்டுவண்டியில் படகோடு வந்திருந்தார். கையில் ஆயில் டப்பா. கரையில் குனிந்து வெள்ளத்தைத் தொட்டு உருட்டினார்.

“பிசிறா இருக்குதுங்க. நம்ம ஆயிலுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்காது.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நானும் குனிந்து, விரலை நனைத்து உருட்டினேன்.

பிசிறாகத்தான் இருந்தது.