ஐந்தாவது கத்தரி

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வரையிலான திராட்சைத் தோட்டங்களில் 'நாலு கத்தரி' என்றால், கவாத்து வெட்டுவதில் பேர்பெற்ற நான்கு பேர். அறுவடை முடிந்த கொடியில் துளிர் விடும் கண் எத்தனை விட்டு நறுக்குவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நாள் ஒழிந்தால்தான் தோட்டத்தில் வேலை தொடங்கும். 2002இல் ஒருவர் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மறு ஆண்டு இன்னொருவருக்குப் பார்வை மங்கியது. ஆள் இரண்டாகக் குறைந்த பிறகும் பெயர் நாலிலேயே நின்றது.

மிஞ்சிய இருவரில் மூத்தவர் குருசாமி. அவருடைய குழுவில் பதினான்கு ஆண்டுகளாகக் கத்தரி பிடித்தவள் செலின். பாதித் தோட்டங்களில் கண் எண்ணிச் சொன்னதே அவள்தான். ஒரு தோட்டமாவது தன் பெயரில் வெட்டியதாக ஊர் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

2005 அக்டோபரில் குருசாமி வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். செலின் நேரே அப்துல் காதரிடம் போனாள். சுருளிப்பட்டியில் அவருக்கு இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை.

"இந்தத் தடவை நானே வெட்டித் தாரேன் பாய்."

"நீ வெட்டுவ ஆத்தா, யாரு இல்லைன்னா? நாலு கத்தரியில ஒரு ஆளு இல்லாம எப்படி?"

"அந்த நாலு பேருல ரெண்டு பேரு எங்கன இருக்காகன்னு சொல்லுங்க பாய்."

காதர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

குறித்த நாளில் ஆறு பெண்களோடு செலின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, பந்தலடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் குருசாமி. மிஞ்சிய இன்னொருவருக்கு நாள் ஒழியாததால், காதரின் மனைவி சாபிராதான் ஜீப் அனுப்பி அவரைத் தூக்கிவரச் செய்திருந்தாள். முதல் வெட்டு நாலு கத்தரியில் ஒருவர் கையால் விழ வேண்டும் என்பது இங்கே எல்லாத் தோட்டத்துக்கும் உள்ள வழக்கம். அவருக்குக் கை எட்டவில்லை. இருவர் ஒரு கொடியை வளைத்துப் பிடித்தார்கள். ஐந்து கண் விட வேண்டிய கிளையில் ஒரே கண் விட்டு நறுக்கினார்.

"அண்ணே, ஒத்தக் கண்ணு..." என்றாள் செலின்.

"ஆமா, கை நடுங்கிருச்சு," என்றார் அவர் மெல்ல.

மீதி அத்தனை கொடிகளையும் செலினும் அவள் ஆட்களும் மூன்று நாளில் முடித்தார்கள். பிப்ரவரியில் பந்தல் தாழக் குலை தொங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்து, "குருசாமி கைராசி!" என்றார்கள்.

செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காதரை அந்த முதல் கொடியின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அவுக வெட்டுன கிளையப் பாருங்க பாய். ஒரு குலை உண்டா?"

காதர் அண்ணாந்து பார்த்தார், தாடியைத் தடவினார். "அந்தக் கிளைக்கு வர வேண்டியது எல்லாம் மத்ததுக்குப் போயிருக்கு ஆத்தா. அதானே ராசி!"

செலினின் ஆட்களில் ஒருத்தியாகக் கூட நின்ற சந்தனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவருகூட நீ கோர்ட்டுக்குப் போனாலும் செயிக்க மாட்டடி."

"அடுத்த கவாத்துக்கு அந்த நாற்காலி வந்தா நான் வரமாட்டேன் பாய்," என்று சொல்லிவிட்டு செலின் நடந்தாள். காதர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு நாற்காலியை வைத்துக்கொண்டு வேறு ஆட்களைப் பிடித்தார்.

மார்ச்சில் ஒரு காலை, வாழைத்தோட்டக் கூலிக்குப் போகும் வழியில் செலின் காதர் தோட்டத்து வேலியோரம் வந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் வந்தாள். பார்த்தாள். புது ஆட்கள் எட்டுக் கண், ஒன்பது கண் விட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி விட்டால் கொடி இலையாகத்தான் தள்ளும்.

"ஏலே, அஞ்சுக்கு மேல விடாதீக! மெலிஞ்ச கொடிக்கு நாலு!" வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

ஆட்கள் கையை நிறுத்திவிட்டு நாற்காலியைப் பார்த்தார்கள். குருசாமி அவள் பக்கம் திரும்பவில்லை.

"அஞ்சு கண்ணுதான்டா. மெலிஞ்சதுக்கு நாலு," என்றார்.

கத்தரிகள் அப்படியே வெட்டத் தொடங்கின. அருகில் நின்ற காதர் சாபிராவிடம் பெருமையோடு சொன்னது வேலிக்கு இப்பால் நன்றாகவே கேட்டது:

"பாத்தியா? எந்திரிச்சு நிக்க முடியல. உக்காந்த இடத்துல இருந்தே ரெண்டு ஏக்கரையும் வெட்டுறாக!"