கணுக்காலோடு விட்டிருக்கலாம்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குத் தலை முழுகியவன் நான். பெயரை எழுதத் தெரியும், கணக்கை மனத்திலேயே போடத் தெரியும். அதை வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, போட்டேன். பிரம்மதேசத்து வண்டியானாலும் கிளியனூர் வண்டியானாலும் முதலில் என் வாசலில்தான் நிற்கும். ஒரு பிடிக் காயை அள்ளிக் காதருகில் உலுக்கினால் போதும், உள்ளே பருப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்த கமிஷன் ஏஜெண்டுகள் உடைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நானாகக் கற்றது. இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. தம்பியின் காலைப் பற்றிச் சொல்ல வரும்போதுதான் வாய் அடைக்கிறது.

எனக்குத் தம்பி ஒருவன்தான். ஒலக்கூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் நிலத்தை அவன் பார்த்துக்கொண்டான். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மேட்டில் மல்லாட்டைக் கொல்லை. அவனுக்கு நஞ்சைதான் உயிர். முழங்கால் அளவு சேற்றில் நின்றால்தான் அவன் முகத்தில் தெளிவு வரும். நான் ஏரைத் தொட்டால் மாடு சிரிக்கும் என்பான். உண்மைதான். அதனால்தான் நான் ஊரை விட்டே கிளம்பினேன்.

மண்டி போட்ட வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் திரௌபதை அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டான். அண்ணன் வியாபாரம் நிலைத்தால் வருஷா வருஷம் தீ மிதிக்கிறேன் என்று. வியாபாரம் நிலைத்தது. அவன் மிதித்தான். நான் மஞ்சள் நனைத்த புது வேட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, அனல் அடிக்காத தூரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன்.

உலகச் சண்டை நடந்த காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓடிக்கொண்டிருந்த சமயம், மல்லாட்டை பிடுங்கும்போது அவன் வலது உள்ளங்காலில் கருவேல முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறான். வெகு நாள் கழித்து அந்த இடத்தில் இலந்தைப் பழம் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. மண்டியில் மூட்டை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது நான்தான் பார்த்தேன். மறுநாளே ரயிலேற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பட்டணத்துப் பேச்சு. கட்டியை அழுத்திப் பார்த்தார்.

“இதுக்குப் புஸ்தகத்துல மதுரைக் கால்னு பேரு” என்றார்.

“நாங்க மைலம் தாண்டி வர்றதே இப்பத்தாங்க. மதுரைக்கு இன்னாத்துக்குங்க போவப் போறோம்” என்றான் தம்பி.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். முள்ளோடு ஒரு காளான் மாதிரி உள்ளே போய்விடும். சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும். இப்போதைக்குச் சதையில்தான் இருக்கிறது, சுற்றியுள்ள சதையோடு சேர்த்துத் தோண்டி எடுத்துவிட்டால் கால் தப்பும். எலும்புக்குப் போய்விட்டால் கதையே வேறு. “இங்கயே படுத்துக்கோ, நாளைக்கே எடுத்துடலாம்.”

“வெள்ளிக்கிழம காப்பு கட்றாங்க சாமி. தீ மிதிச்சுட்டு வந்துர்றேன்.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தீ மிதிக்கிறவன் கையில் காப்புக் கயிறு கட்டிவிட்டால், மிதித்து முடித்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. என்னைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். ரயிலடியில் நின்று சொன்னேன்.

“இந்த வருஷம் வேணாம்டா. அம்மன் கோச்சுக்க மாட்டா.”

“நீ வேற புது மிஷினு எறக்கிக்கினு கீற. இந்த வருஷம் போய் வுடலாமாண்ணே?”

மல்லாட்டை உடைக்கிற மிஷின். திண்டிவனத்தில் நம்மவர்களில் முதலில் வாங்கியவன் நான். அவன் அதைச் சொன்னதும் என் குரல் இறங்கிவிட்டது. மறுபடியும் வாய் திறந்தேன், ரயில் வந்துவிட்டது. ரயில் இரைச்சலில்தான் நிறுத்தினேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மிஷின் நல்லபடி ஓட வேண்டும் என்ற நினைப்பு உள்ளே இருந்தது. வாய் வேண்டாம் என்றது, மனசு சரி என்றது.

காப்பு கட்டினார்கள். பாரதம் படிக்க ஆரம்பித்தார்கள். பாதியில், தீக்குழிக்கு விறகு கொண்டுவருகிற உரிமை எந்தத் தெருவுக்கு என்று இரண்டு தெருக்காரர்களுக்கும் அடிதடி. போலீஸ் வந்து திருவிழாவை நிறுத்திவிட்டது. கட்டிய காப்பு கட்டியபடி நின்றது. சமாதானம் பேசப் பேச மாதம் ஓடியது. காப்புக் கட்டியவர்கள் எல்லைக்குள்ளேயே கிடந்தார்கள். தம்பியின் கட்டி உடைந்து, கண் மாதிரி இரண்டு துளை திறந்து, கடுகு மாதிரி கருப்பு மணி மணியாகக் கசிய ஆரம்பித்தது.

நான் வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் நாட்டாமைக்காரரிடம் நின்றேன். காப்பை அவிழ்த்துவிடுங்கள், என்ன பரிகாரமானாலும் நான் செய்கிறேன் என்றேன்.

“நீ திண்டிவனத்துல பெரிய ஆளா இருக்கலாம்பா” என்றார் அவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே. “அம்மன் பேர்ல கட்ன கயிறு. உன் மண்டி மூட்டையா, நெனச்சப்ப அவுக்கறதுக்கு?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

கடைசியில் திருவிழா நடந்தது. அந்தக் காலோடு அவன் குழியில் இறங்கினான். ஓடவில்லை, நடந்தான். குழிக்கு அந்தப் பக்கத்தில் நான் அவன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. அம்மன் காலைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஊரே சொன்னது. கட்டியிலிருந்து மட்டும் கசிந்துகொண்டே இருந்தது.

காப்பு அவிழ்த்த கையோடு விழுப்புரம் போனோம். டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை அந்தக் கண்ணுக்குள் விட்டார். உள்ளே போய் எதிலோ இடித்து நின்றது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பு.

“நெருப்பு பட்டதாலயா சாமி?” என்று கேட்டேன்.

“நெருப்பு ஒண்ணும் பண்ணல. முள்ளு பண்ணுச்சு, நாள் பண்ணுச்சு.”

பிறகு மூன்று வழி சொன்னார். ஒன்று, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காலை வைத்துப் பார்ப்பது. நிலைக்கும் என்று சொல்ல முடியாது, திரும்பி வந்தால் மேலே ஏறியிருக்கும். இன்னொன்று, கணுக்காலோடு எடுத்துவிட்டு, குதிகால் தோலை மடித்து அடியில் வைத்துத் தைப்பது. கால் கொஞ்சம் குட்டையாகும். ஆனால் குதிகால் தோல் தடித்த தோல், வெறுங்காலோடு அதன் மேலேயே ஊன்றி நிற்கலாம். மூன்றாவது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுக் கட்டைக்கால் வைப்பது.

தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “சேத்துல எறங்கலாமா?”

“கட்டைக்கால் சேத்துல புதைஞ்சுடும். கணுக்காலோட விட்டா இறங்கலாம். என்னைக் கேட்டா அதான் நல்லது. குதிகால் இப்ப சுத்தமா இருக்கு.”

தம்பி என் பக்கம் திரும்பினான். “அண்ணன் சொல்றதுதாங்க.”

சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கடையிலும் சரி, தாலுக்கா கச்சேரியிலும் சரி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவன் நான். வெள்ளைக்காரக் கம்பெனி ஆளிடமே சரிக்குச் சரி பேசி விலையை ஏற்றியவன். அன்றைக்கு ‘எடுத்துடுங்க’ என்ற ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. என் பேரைச் சொல்லி வருஷா வருஷம் நெருப்பில் நடந்த கால் அது. அதை வெட்டு என்று என் வாயால் சொல்வதா?

“என் தம்பி காலை வெட்டறதுக்கா நான் சம்பாதிச்சேன்? சுரண்டி எடுத்துப் பாருங்க. எவ்ளோ செலவானாலும் நான் இருக்கறேன்” என்றேன்.

“செலவு இல்லைங்க விஷயம்” என்றார் டாக்டர்.

நான் கேட்கவில்லை.

சுரண்டி எடுத்தார்கள். மூக்கில் துணி வைத்து மயக்க மருந்து கொடுக்கும்போது, “ஜல்தியா முடிங்க சாமி, நாத்து விட்டிருக்குது” என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினானாம். புண் ஆறியது. கம்பு ஊன்றி நடந்தான். நான் மண்டியில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம், டாக்டர் வெட்டச் சொன்னார், நான் விடவில்லை, கால் நிற்கிறது பார் என்று சொன்னேன். அதைச் சொன்ன இடம், கேட்ட ஆட்களின் முகம்கூட ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மழைக்காலம் முடியும்போது கணுக்கால் வீங்கியது. குதிகாலில் புதிதாகக் கண் திறந்தது. புது ஊசி மருந்து ஏதோ வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தேன். அதெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, வந்தாலும் இந்த நோய்க்குக் கேட்குமோ என்னவோ என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் மூன்று வழி சொல்லவில்லை. ஒரு வழிதான் இருந்தது, முழங்காலுக்குக் கீழே எடுப்பது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் போய் நின்றேன்.

“அன்னைக்கே கணுக்காலோட எடுத்திருந்தா?”

அவர் சோப்பை வைத்துவிட்டு, “அன்னைக்குக் குதிகால் நல்லாத்தான் இருந்தது” என்றார்.

தம்பி கண் விழித்ததும் போர்வையைத் தடவிப் பார்த்தான். நான் அழுததைப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே பேஜாரு பண்ற. காலு போனது எனக்கா உனக்கா?” என்றான். அடுத்த கட்டிலில் இருந்தவர் சிரித்தார். அவன் ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். சொல்லவில்லை, சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

பட்டணத்திலிருந்து கட்டைக்கால் வரவழைத்தேன், நல்ல தேக்கு, உயர்ந்த தோல் வார். மேட்டுக் கொல்லையில் அதோடு நடந்துவிடுவான். ஏரி நிறைந்து நஞ்சைக்குத் தண்ணீர் விட்ட அன்று என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். நான் போய்ச் சேர்வதற்குள் இறங்கிப் பார்த்திருக்கிறான். கட்டைக்கால் தொடை வரைக்கும் புதைந்துபோய், இரண்டு ஆள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்து சேற்றை வழித்துப் போட்டான். மாடுகள் ஏரோடு நின்றன.

“நீ எறங்குண்ணே” என்றான்.

“நானா?”

“வேற யாரு கீறாங்க இங்க, எங்கூடப் பொறந்தவங்க?”

சட்டையையும் கடிகாரத்தையும் கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். மேழியைப் பிடித்தேன். மாடு என்னை எங்கெங்கோ இழுத்தது.

“எங்க போற, திண்டிவனத்துக்கா? இந்தாண்ட திருப்பு. அமுக்குண்ணே, மேழிய அமுக்கு. கோழி கெளர்ன மாதிரி இருக்குது” என்று வரப்பிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். வேலையாட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கையில் கொப்புளம் போட்டுவிட்டது. அவன் திட்டத் திட்ட நான் உழுதேன். மத்தியானம் வரைக்கும் நிறுத்தவில்லை.

மறுநாளும் வருவாயா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மண்டியில் வண்டிகள் காத்திருந்தன. விடியற்காலை பஸ்ஸில் திண்டிவனம் போய்விட்டேன். நஞ்சையைத் தம்பி குத்தகைக்கு விட்டுவிட்டதாக அந்த வாரக் கடைசியில் யாரோ வந்து சொன்னார்கள்.